முதல் டிஎஸ்எல்ஆர்: பாடியில் மிச்சம் பிடித்து லென்ஸில் போடுங்கள்

குடும்பப் படம் எடுக்க முதல் கேமரா வாங்குகிறவர்கள் புது மாடலுக்கு ஆசைப்படாமல், நல்ல நிலையில் உள்ள பழைய டிஎஸ்எல்ஆர் பாடியை (லென்ஸ் இல்லாத கேமரா) அதோடு சேர்த்தே வரும் 18-55 எம்எம் கிட் லென்ஸோடு வாங்கி, மிச்சப் பணத்தில் ஒரு 50 எம்எம் எஃப்/1.8 லென்ஸ் வாங்கிவிடுங்கள். 50 எம்எம் பக்கம் ஜூம் செய்தால் கிட் லென்ஸ் எஃப்/5.6 வரைதான் திறக்கும் (எஃப் எண் குறையக் குறைய திறப்பு பெரிது), எஃப்/1.8 அதைவிட ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சத்தை உள்ளே விடும்; அதனால் கும்பகோணம் பக்கத்து ஓட்டு வீட்டுக் கூடத்தில் விளக்கேற்றும் நேரத்திலும் ஷட்டர் வேகத்தைக் கூட்டலாம், ஃபிளாஷ் இல்லாமலே குழந்தை முகம் மங்காமல் விழும்.

நிக்கான் டி3500, டி5600 பாடிகளில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, எனவே விலை குறைவென்று, தனக்குள் மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸை எடுத்தால் கையால்தான் ஃபோகஸ் செய்யவேண்டும். லென்ஸுக்குள்ளேயே மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். கேனானில் இந்தத் தொல்லை இல்லை, அவர்களின் இஎஃப் 50 எம்எம் எஸ்டிஎம் லென்ஸ் எல்லா இஓஎஸ் டிஎஸ்எல்ஆரிலும் வேலை செய்யும். அப்புறம், பழைய லென்ஸ் என்றால் டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள், நம் ஐப்பசி மழை ஈரத்துக்கு அது சீக்கிரம் பிடிக்கும்.

காதுகுத்தில் மொத்தச் சொந்தமும் வரிசையாக நிற்கும்போது 50 உதவாது. இந்த பாடிகளில் சென்சார் சிறியது என்பதால் அது 75, 80 எம்எம் மாதிரி நெருக்கிக் காட்டும், பின்னால் நகரச் சுவர்தான் இடிக்கும். அங்கே கிட் லென்ஸின் 18 எம்எம்தான். ஆடிப்பெருக்கன்று பகல் வெயிலில் படித்துறையில் எடுப்பதற்கும் கிட் லென்ஸே தாராளம்.