ராத்திரி அரிப்புக்கு வீட்டில் எல்லோரும் மருந்து போடுங்கள்

பகலெல்லாம் ஓடி விளையாடிய பிள்ளை, படுத்ததும் சொறியத் தொடங்கினால், வேர்க்குரு என்று பவுடரைக் கொட்டிவிட்டு இருந்துவிடாதீர்கள். காரைக்குடிப் பக்கத்துக் கிராமங்களில் சுகாதாரச் செவிலியராக வேலை பார்க்கிறேன். ஊரில் படைப்பு, அதாவது உறவினர் எல்லாம் கூடி முன்னோரைக் கும்பிடும் விழா, நடந்து சில வாரம் கழித்து என்னிடம் வரும் பிள்ளைகளில் பலருக்கு இருப்பது சிரங்கு. வளவில், அதாவது வீட்டு முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், வரிசையாகப் பாய் விரித்து, அத்தை பிள்ளையும் சித்தப்பா பிள்ளையும் ஒரே போர்வைக்குள் உறங்கும்போது ஒட்டிக்கொள்வது அது.

பிள்ளையின் கையை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். விரல் இடுக்கிலும் மணிக்கட்டின் உட்புறத்திலும் பொடிப்பொடியாகக் கொப்புளங்கள் இருக்கும். சில இடத்தில் சாம்பல் நிறத்தில் மெல்லிய, வளைந்த கோடு ஒன்று தெரியும். கண்ணுக்குத் தெரியாத பூச்சி தோலைக் குடைந்துபோன வழி அது. அக்குள், தொப்புள், அரைஞாண் கயிறு படும் இடம் எல்லாவற்றையும் பாருங்கள். கைக்குழந்தைக்கு உள்ளங்காலிலும் தலையிலும்கூட வரும். வேர்க்குரு அப்படியல்ல, வியர்வை தங்கும் கழுத்திலும் முதுகிலும் வந்து, காற்றுப் பட்டால் அடங்கிவிடும்.

மருத்துவரிடம் காட்டினால் பெரும்பாலும் 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பு எழுதித் தருவார். இரவில் கழுத்திலிருந்து பாதம் வரை, நகக்கண்ணையும் விடாமல் தடவி, காலையில் குளிப்பாட்டுங்கள். கைக்குழந்தைக்குக் கண், வாய் தவிர்த்துத் தலையிலும் தடவ வேண்டும். இடையில் கை கழுவினால் அங்கே மறுபடி போடுங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்கு மருத்துவர் சொல்லாமல் எதையும் தடவாதீர்கள்.

“எனக்குத்தான் அரிப்பே இல்லையே” என்பார் அப்பத்தா. முதன்முறை தொற்றியவருக்கு அரிப்புத் தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்குள் அவர் மடியில் படுக்கும் பேரனுக்குத் திரும்பவும் ஒட்டிவிடும். ஆகவே வீட்டில் அத்தனை பேரும் ஒரே இரவில் போட்டுக்கொள்ளுங்கள். உடுப்பு, போர்வை, தலையணை உறையை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள்.

மருந்துக்குப் பிறகும் சில வாரம் அரிப்பு இருக்கும். பயந்துபோய்த் தினமும் தடவ வேண்டாம். கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு வேண்டவே வேண்டாம். அரிப்பை அடக்கி நோயை மறைத்துவிடும், படர்தாமரையாக இருந்தால் இன்னும் பரவவிடும்.

புண் சீழ் பிடித்தால், காய்ச்சல் வந்தால், முகம் வீங்கினால், சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். சிரங்குப் புண்ணில் சேரும் கிருமி சிறுநீரகத்தைப் பாதிக்கும். இந்தத் தொல்லை ஏதும் இல்லாத பிள்ளையை, முதல் முறை மருந்து போட்ட மறுநாளே பள்ளிக்கு அனுப்பலாம்.