வொல்யூமைக் கேட்டவுடன் கைக்கு வராது: சிண்டருக்குச் சில துணை ஃபங்ஷன்கள்

யாழ்ப்பாணத்தில் ஒரு வாசிகசாலைக்காகப் பழைய சஞ்சிகைகளை ஸ்கேன் செய்து ஓப்பன்ஸ்டாக் என்ற திறந்த மென்பொருளில் இயங்கும் முகிலில் சேர்த்து வருகிறோம். 1981இல் நூலகம் எரிந்த ஊர் இது. இருந்த ஒரே பிரதி போனால் என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அதனால் வொல்யூமை, அதாவது சேர்வரோடு இணைக்கும் முகில் டிஸ்கை, தொடும் வேலையைக் கண்ட கண்ட இடத்தில் எழுதாமல், பைதனில் சில துணை ஃபங்ஷன்களாகப் பிரித்து வைத்தோம். பைதன் 3 தமிழ்ப் பெயர்களையும் ஏற்கும், ஆகவே பெயர்கள் தமிழிலேயே.

முதலில் அளவு_கணி. ஓப்பன்ஸ்டாக்கின் வொல்யூம் சேவையான சிண்டர், அளவை முழு ஜிபியாகத்தான் கேட்கும். அதன் கணக்கில் 1 ஜிபி என்பது 1,073,741,824 பைட். எங்கள் கோப்புகள் 12,000,000,000 பைட். வகுத்தால் 11.18 வரும், மேல்நோக்கி முழுமையாக்கினால் 12. போதும் போலத் தெரியும், ஆனால் போதாது. டிஸ்கை ஃபோர்மட் செய்யும் இஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறைமை வழக்கமாக 5 வீதத்தை ரூட் (நிர்வாகி) பயனருக்கென ஒதுக்கும், தன் அட்டவணைகளுக்கும் இடம் பிடிக்கும். எனவே முதலில் 10 வீதம் கூட்டி, அப்புறம் முழுமையாக்குங்கள்: 13.

அடுத்தது காத்திரு. இதுதான் உயிர். வொல்யூம் உருவாக்கச் சொன்னால் சிண்டர் உடனே பதில் தரும், ஆனால் அதில் நிலை 'கிரியேட்டிங்' என்றே இருக்கும். அந்த நேரத்தில் சேர்வரோடு இணைக்கப் போனால் மறுத்துவிடும். ஆகவே ஒரு லூப் எழுதுங்கள். 2 வினாடிக்கு ஒருமுறை, ஐடியைக் கொடுத்து வொல்யூமின் விவரத்தைப் புதிதாகக் கேளுங்கள். கையில் உள்ள பழைய ஒப்ஜெக்டையே திரும்பத் திரும்பப் பார்த்தால் அது எப்போதும் 'கிரியேட்டிங்' என்றுதான் காட்டும். 'அவெய்லபிள்' என்றால் திரும்பி வரலாம். 'எரர்' என்றால் அங்கேயே நிறுத்திச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் லூப் முடியாது. 300 வினாடி என்று ஒரு எல்லையும் வையுங்கள். ஓப்பன்ஸ்டாக்கின் பைதன் நிரலகமான எஸ்டிகேயில் இதற்கு ஆயத்தமான ஃபங்ஷன் இருக்கிறது. ஆனாலும் ஒருமுறை நீங்களே எழுதிப் பாருங்கள், நன்றாக விளங்கும்.

இணைத்த பிறகும் காத்திரு, இம்முறை 'இன்-யூஸ்' வரும்வரை. சேர்வரில் புதிய டிஸ்க் பெரும்பாலும் விடிபி (vdb) என்ற பெயரில் தெரியும்.

பிறகு வெறுமையா என்ற ஃபங்ஷன். ஸ்கிரிப்டை இரண்டாம் முறை ஓட்டியபோது அது வொல்யூமை மறுபடி ஃபோர்மட் செய்துவிட்டது. ஒரு பின்னேரம் முழுக்க ஸ்கேன் செய்த பக்கங்கள் போயின. சஞ்சிகைகள் கையில் இருந்ததால் திரும்பச் செய்ய முடிந்தது. இப்போது பிஎல்கேஐடி (blkid) கட்டளையால் டிஸ்கில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஃபோர்மட். சூடோ (sudo) போட்டு, அதாவது நிர்வாகி அனுமதியோடு, ஓட்டுங்கள். அனுமதி இல்லாமல் ஓட்டினால் விடை வெறுமையாக வரலாம், அதை வெறும் டிஸ்க் என்று ஃபங்ஷன் நம்பிவிடும்.

கடைசியாக அழி: அன்மவுண்ட், கழற்று, 'அவெய்லபிள்' வரும்வரை காத்திரு, பிறகு நீக்கு. வொல்யூமுக்கு ஸ்னாப்ஷொட் (ஒரு கணத்தில் எடுத்து வைத்த நகல்) இருந்தால் வழமையாக நீக்க விடாது. அதையும் தானாக அழிக்கும்படி எழுதாதீர்கள், ஆளே பார்த்து முடிவெடுக்கட்டும்.