வீட்டு வாசலிலேயே ஸ்பார்க் பிளக் மாற்றுவது எப்படி?

காலையில் செல்ஃப் எடுக்க நேரமாகிறது. சிக்னலில் நிற்கும்போது வண்டி உதறுகிறது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரியை முந்தலாம் என்று மிதித்தால் பிக்கப் இல்லை. பெட்ரோல் காரில் இதெல்லாம் சேர்ந்து வந்தால் முதலில் பார்க்க வேண்டியது, இன்ஜினுக்குள் தீப்பொறி போட்டு பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்தான். டீசல் கார்க்காரர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், அதில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது.

வேலை சுலபம்தான். ஆனால் வடசென்னையில் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் உப்புக் காற்று போனட்டுக்குள் இருக்கும் போல்ட்டைக்கூட விடாது. மணலி ரோட்டில் ஓடும் வண்டி என்றால் லாரிப் புழுதி வேறு. அதனால் நம் ஏரியாவில் கழற்றும் வேலைக்குத்தான் பொறுமை அதிகம் வேண்டும்.

எந்த பிளக் வாங்குவது

வண்டியோடு வந்த மேனுவலில் பிளக் நம்பர் இருக்கும். அதையே வாங்குங்கள். என்ஜிகே கம்பெனியின் பிபிஆர்6இஎஸ் என்ற நம்பரை எடுத்துக்கொண்டால், முதலில் வரும் ‘பி’ 14 மி.மீ. மரையையும், ‘ஆர்’ உள்ளே ரெசிஸ்டர் இருப்பதையும், ‘இ’ மரைப் பகுதியின் நீளம் 19 மி.மீ. என்பதையும் சொல்கின்றன. நடுவில் உள்ள 6 வெப்ப அளவு. என்ஜிகே-யில் இந்த எண் கூடக்கூட பிளக் சூட்டை வேகமாக வெளியேற்றும், பாஷில் நேர்தலைகீழ். எனவே ஒரு கம்பெனி எண்ணை வைத்து இன்னொரு கம்பெனி பிளக்கை வாங்கக் கூடாது. நீளமும் முக்கியம். கூடுதல் நீளமான பிளக் போட்டால் பிஸ்டனில் இடிக்கலாம்.

முனையில் இரிடியம் உலோகம் வைத்த பிளக் நீண்ட நாள் உழைக்கும், பல வண்டிகளில் 80,000 கி.மீ.க்கு மேலும். சாதாரண நிக்கல் பிளக் 20,000 முதல் 40,000 வரை. இரிடியம் போட்டால் வண்டி பறக்கும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். ஆனால் கம்பெனியே இரிடியம் போட்டுக் கொடுத்த வண்டியில் காசு மிச்சம் என்று சாதாரண பிளக்குக்கு இறங்க வேண்டாம். சிஎன்ஜியில் ஓடும் வண்டிக்குக் கொஞ்சம் சீக்கிரமே மாற்ற வேண்டியிருக்கும்.

புதுப்பேட்டையில் கிடைக்காத பழைய பாகம் இல்லை. ஆனாலும் பிளக்கை மட்டும் புதிதாக, டப்பாவோடு, செட்டாக வாங்குங்கள். மூன்று சிலிண்டர் வண்டிக்கு மூன்று, நான்குக்கு நான்கு. 2003-இல் வந்த ஹோண்டா சிட்டியின் ஐ-டிஎஸ்ஐ இன்ஜின் விதிவிலக்கு, சிலிண்டருக்கு இரண்டு வீதம் எட்டு கேட்கும்!

கழற்றுவது

வேண்டியவை: ராட்செட், நீளமான எக்ஸ்டென்ஷன், உள்ளே ரப்பர் வைத்த பிளக் சாக்கெட் (பெரும்பாலும் 16 மி.மீ., சில வண்டிகளுக்கு 14 அல்லது 21), காயில் (பிளக்கின் மேல் உட்கார்ந்து அதற்கு மின்சாரம் கொடுப்பது) போல்ட்டுக்கு 10 மி.மீ. சாக்கெட், இடைவெளி பார்க்க ஃபீலர் கேஜ் (மெல்லிய அளவுத் தகடுகள்), டார்ச், ஒரு சைக்கிள் பம்ப்.

1. இன்ஜின் நன்றாக ஆற வேண்டும். சூடான அலுமினிய இன்ஜின் ஹெட்டில் பிளக்கைத் திருகினால் மரை போய்விடும். ராத்திரி நிறுத்திய வண்டியில் காலையில் வேலை பார்ப்பதே உத்தமம். சாவியை எடுத்துவிடுங்கள்.

2. காயில் கனெக்டரின் பூட்டை அழுத்திக்கொண்டே இழுங்கள். பழைய வண்டியில் அந்த பிளாஸ்டிக் சூட்டில் வெந்து அப்பளமாக இருக்கும், நெம்பாதீர்கள். போல்ட் துருப்பிடித்திருந்தால் டபிள்யூடி-40 அடித்துவிட்டு ஒரு டீ குடித்து வாருங்கள். பிறகு காயிலை இடமும் வலமும் லேசாகத் திருப்பி மேலே தூக்குங்கள். ஒவ்வொரு சிலிண்டராக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பிளக்கின் மேல் காயிலுக்குப் பதில் ஒயர் உள்ள பழைய வண்டியில் இது ரொம்ப முக்கியம், ஒயர் மாறினால் வண்டி ஓடாது.

3. இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பிளக்கைக் கழற்றும் முன் அது இருக்கும் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் பிளக்கைச் சுற்றி மணலும் துருத்தூளும் கிடக்கும். அப்படியே கழற்றினால் அத்தனையும் சிலிண்டருக்குள் விழும். பம்ப் குழாயை உள்ளே விட்டு நன்றாகக் காற்றடியுங்கள். கண்ணை மூடிக்கொள்ளுங்கள், புழுதி நேராக முகத்துக்குத்தான் வரும். மழையில் கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணீரில் இறங்கி ஏறிய வண்டி என்றால் குழியில் தண்ணீர்கூட நிற்கலாம். எண்ணெய் நின்றால் வால்வ் கவர் பக்கத்து சீல் போயிருக்கிறது என்று அர்த்தம்.

4. இனி சாக்கெட்டை நேராக இறக்கி இடப்பக்கம் திருகுங்கள். பாதியில் இறுகினால் முரட்டுத்தனம் வேண்டாம், கொஞ்சம் உள்ளே திருகி மறுபடி வெளியே என்று மாற்றி மாற்றிக் கொண்டுவாருங்கள்.

பழைய பிளக்கைப் பாருங்கள்

முனை இளம்பழுப்பு அல்லது சாம்பல் நிறம் என்றால் இன்ஜின் ஆரோக்கியம். காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வ் சீல், அது மெக்கானிக் வேலை. வெளுத்துக் கொப்பளித்திருந்தால் சூடு மிஞ்சுகிறது. வெள்ளைப் பீங்கானின் அடியில், உலோகத்தை ஒட்டி, பழுப்பு வளையம் தெரிந்தால் பயப்படாதீர்கள். அது மின்சாரத்தால் ஒட்டிய கறைதான், கசிவு இல்லை.

புதியதைப் போடுவது

5. முனை இடைவெளியை ஃபீலர் கேஜால் பார்த்து மேனுவலோடு ஒப்பிடுங்கள். இரிடியம் முனையில் கேஜையே நுழைக்காதீர்கள், அந்த மெல்லிய கம்பி உடைந்துவிடும். கீழே விழுந்த பிளக்கையும் போட வேண்டாம். பீங்கானில் விரிசல் இருந்தால் வெளியே தெரியாது.

6. ராட்செட்டைக் கீழே வைத்துவிட்டு, சாக்கெட்டும் எக்ஸ்டென்ஷனும் மட்டும் வைத்து விரலால் திருகுங்கள். முதல் சில சுற்றுகள் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். முரண்டு பிடித்தால் மரை மாறி ஏறுகிறது, உடனே வெளியே எடுங்கள். மரைக்கு கிரீஸ் தடவ வேண்டாம். வழுக்கலில் அளவுக்கு மீறி இறுகிவிடும்.

7. விரலால் முழுக்க இறுகிய பிறகு ராட்செட். மரைக்கு மேல் வாஷர் வளையம் உள்ள புது 14 மி.மீ. பிளக்குக்கு அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று போதும். இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரென்ச் இருந்தால் மேனுவலில் உள்ள அளவை வையுங்கள், பல வண்டிகளுக்கு 25 நியூட்டன் மீட்டர் அளவில் வரும்.

8. காயிலை அழுத்தி உட்கார வைத்து, போல்ட் போட்டு, கனெக்டர் ‘டக்’ என்று சத்தம் வரும்வரை தள்ளுங்கள்.

ஸ்டார்ட் செய்து பாருங்கள். இன்னும் மிஸ்ஸிங் (ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் வண்டி உதறுவது) இருந்தால் இன்ஜினை அணைத்து, சந்தேகப்படும் காயிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். எந்த சிலிண்டர் மிஸ்ஸாகிறது என்பதைச் வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறைப் படிக்கும் சின்ன ஓபிடி ஸ்கேனரே சொல்லும். மிஸ்ஸிங்கும் காயிலோடு சேர்ந்து இடம் மாறினால் போனது காயில். டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிந்தால் மட்டும் வண்டியை ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் புகைக் குழாய்க்குள் போய், புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும். அதன் விலையில் வண்டியின் ஆயுசுக்கும் பிளக் வாங்கலாம்.