கரண்ட் (கதிர்ச்சிகிச்சை) குடுத்த பிறகு எடுத்த எம்.ஆர்.ஐ: கட்டி வளருதா, கதிர்க்காயமா?

கிளியோபிளாஸ்டோமா என்ற வேகமாக வளரும் மூளைப் புற்றுக்கட்டிக்குக் கதிர்ச்சிகிச்சை முடிந்து இரண்டு மாதத்தில் எடுத்த படத்தில் வெள்ளைப்பகுதி பெருத்திருந்தால், "கட்டி திரும்பிட்டுது" என்று உடனே எழுதிவிடாதீர்கள். வேறுபாட்டைத் துலக்கிக் காட்டும் மருந்தான கடோலினியத்தை ஏற்றி எடுத்த டி1 வகைப் படத்தில் வெள்ளையாகத் தெரிவது மருந்து கசிந்த இடம், அவ்வளவுதான். கட்டியின் குழாய்களும் கசியும், கதிர்பட்டுப் புண்ணான மூளையின் குழாய்களும் கசியும். பெருத்துத் தெரிந்துவிட்டுச் சிகிச்சையை மாற்றாமலே அடங்கிப்போவதுதான் பொய்வளர்ச்சி. இந்தக் குழப்பத்தை ஓரளவு பிரித்துத் தருபவை பர்ஃபியூஷன் (திசுவில் எவ்வளவு இரத்தம் என்று காட்டுவது), டிஃபியூஷன் (திசுவில் நீர் எவ்வளவு அசைகிறது என்று காட்டுவது) படங்கள். கதிர்ப்பட மாணவர்களுக்கும் புதிதாக வார்டுக்கு வந்த வைத்தியர்களுக்கும் ஏற்றபடி அவற்றை எடுத்து வாசிக்கும் வேலைமுறை இது.

1. படத்துக்கு முதல் திகதி

ஒரு தாளில் கோடு கீறி, சத்திரசிகிச்சைத் திகதி, கடைசிக் கதிர் நாள், டெமோசோலமைட் (புற்றுநோய் மருந்து) சுற்றுகள், ஒவ்வொரு ஸ்கான் நாளிலும் எடுத்த டெக்ஸாமெதசோன் (வீக்கம் குறைக்கும் ஸ்டீரொயிட்) அளவு எல்லாவற்றையும் குறியுங்கள். வழமையான சிகிச்சை 60 கிரே (கதிர் அளவின் அலகு), 30 தடவையாக, 6 கிழமை. கடைசிக் கதிருக்குப் பின் முதல் 12 கிழமைக்குள் பெருத்தால் பொய்வளர்ச்சிக்கு இடம் அதிகம், கட்டியின் எம்.ஜி.எம்.டி. மரபணுவில் மெதிலேற்றம் (அதை அடக்கும் வேதிக்குறி) உள்ளவர்களில் இன்னும் அதிகம். மூளைக்கட்டி சிகிச்சைக்கு எப்படி இசைகிறது என்று மதிப்பிட 2023இல் வந்த ரானோ 2.0 அளவுகோலும் இதனால்தான் கதிர் முடிந்து ஏறத்தாழ 4 கிழமையில் எடுக்கும் படத்தை ஒப்பீட்டுக்கு அடிப்படையாக வைக்கிறது. சத்திரசிகிச்சைக்கு அடுத்த நாள் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால் பொய்வளர்ச்சியெல்லாம் வளர்ச்சியாகவே தெரியும்.

டெக்ஸாமெதசோனைக் கூட்டினால் வெள்ளை குறையும். குழாய்க்கசிவைக் குறைக்கும் பெவாசிசுமாப் ஏற்றினால் இன்னும் வேகமாகக் குறையும். அந்தக் குறைவைக் குணம் என்று எண்ணக்கூடாது.

2. சீடியைக் கேட்டு வாங்குங்கள்

தெல்லிப்பழை, மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைகளில் கதிர் எடுத்தவர் சொப்பிங் பையில் படத்தாள்களை மட்டும் கொண்டுவருவார். படத்தாளில் கணக்குப் போட முடியாது. டைகொம் கோப்புகள் (ஸ்கானின் மூலத் தரவு) உள்ள சீடி வேண்டும். திறந்து பார்க்க வெறும் ஜேபெக் படங்கள் இருந்தால் திருப்பிக் கேளுங்கள். ஒரு ஸ்கான் 1.5 டெஸ்லா காந்தவலுவிலும் மற்றது 3 டெஸ்லாவிலும் எடுத்திருந்தால் அதையும் குறியுங்கள். எந்த இடத்துக்கு எவ்வளவு கதிர் போனது என்று காட்டும் டோஸ் வரைபடம் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

3. பர்ஃபியூஷன் எடுத்தல்

முதலில் சிறுநீரகப் பரிசோதனை முடிவைப் பாருங்கள். பிறகு மருந்தளவு: கிலோவுக்கு 0.1 மில்லிமோல். 60 கிலோ ஆளுக்கு, லீட்டருக்கு 0.5 மோல் செறிவுள்ள மருந்து என்றால் 12 மி.லீ.; லீட்டருக்கு 1 மோல் உள்ள கடோபியூட்ரோல் என்றால் 6 மி.லீ. போத்தலில் செறிவைப் பார்க்காமல் பழக்கத்தில் 12 மி.லீ. இழுத்தால் இரட்டை டோஸ் போய்விடும்.

வலது முழங்கை மடிப்பில் பச்சை அல்லது இளஞ்சிவப்புக் கனுலா, அதாவது 18 அல்லது 20 கேஜ். இன்ஜெக்டரில் வினாடிக்கு 3 முதல் 5 மி.லீ., அதே வேகத்தில் பின்னால் 20 மி.லீ. சேலைன். வார்டில் போட்டுவிட்ட ஒடுங்கிய நீலக் கனுலாவையே வைத்துச் சமாளிக்கப் பார்த்தால் வேகத்தைக் குறைக்க வேண்டிவரும். மருந்து கட்டாகப் போகாமல் இழுபட்டுப் போகும், நேரத்தோடு சிக்னல் மாறுவதைக் காட்டும் வளைவு தட்டையாகிவிடும். பெரும்பாலான பர்ஃபியூஷன்கள் கெடுவது இயந்திரத்தில் அல்ல, கையில்தான்.

டி.ஆர். (ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி) 1 முதல் 1.5 வினாடி, டி.ஈ. (சிக்னலைப் பிடிக்கும் நேரம்) 3 டெஸ்லாவில் 30 மில்லிவினாடி அளவு. ஓட்டத்தைத் தொடங்கி, 30 முதல் 50 படம் போன பிறகுதான் ஊசி மருந்தை விடவேண்டும். மொத்தம் 120 படமாவது எடுங்கள்.

4. வளைவைப் பார்க்காமல் நிற வரைபடத்தைத் திறக்க வேண்டாம்

சிக்னல் ஒரே கோடாக வந்து, மருந்து வரும்போது சட்டென இறங்கி (டி1 படம் போலன்றி இந்த ஓட்டத்தில் மருந்து வந்தால் கறுக்கும்), பிறகு பழைய மட்டத்துக்குக் கிட்ட ஏறவேண்டும். வால் பழைய மட்டத்துக்கு மேலே போனால் டி1 கசிவு, அதாவது கசிந்த மருந்து டி1 படத்தில்போல் வெளுப்பது. இரத்தக் கனவளவு (திசுவில் உள்ள இரத்தத்தின் அளவு) குறைத்துக் காட்டப்படும். கீழேயே தங்கினால் அதற்கு எதிர்மாறு. இரண்டுக்கும் மென்பொருளில் கசிவுத் திருத்தத்தைப் போடுங்கள்.

5. வட்டம் போடுதல்

கனவளவு வரைபடத்தை மருந்தேற்றிய டி1 படத்தின் மேல் பொருத்துங்கள். திடமான வெள்ளைப்பகுதிக்குள் சிறு வட்டங்கள் மூன்று நான்கு போட்டு, அதிகமானதை எடுங்கள். குழாய், பழைய இரத்தம், சத்திரசிகிச்சைக் குழி, மண்டையோட்டு உலோகத் தகடு நான்கையும் தவிருங்கள், இரத்தத்தைக் கறுப்பாகக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஐ. படத்தைப் பக்கத்தில் வைத்தால் இரத்தம் தெரியும். எதிர்ப்பக்க வெண்பொருளில் அதே அளவு வட்டம் ஒன்று.

பயிற்சிக்கு ஒரு கணக்கு: கனவளவு எண் வெள்ளைப்பகுதியில் 312, வெண்பொருளில் 120. 312 ÷ 120 = 2.6. இது உயிருள்ள கட்டியின் பக்கம் சாய்கிறது. 132 வந்திருந்தால் 1.1, கதிர்க்காயத்தின் பக்கம். கிளியோமாவை (கிளியோபிளாஸ்டோமாவும் சேர்ந்த கட்டி இனம்) தரம்பிரிக்கப் பேசப்படும் 1.75 என்ற எல்லையை இங்கே கண்ணை மூடிக்கொண்டு ஒட்டாதீர்கள். எல்லை இயந்திரத்துக்கும் மென்பொருளுக்கும் ஏற்ப மாறும். அந்த இனத்தில் ஒன்றான ஒலிகோடென்ட்ரோகிளியோமாவுக்கு இயல்பாகவே கனவளவு கூடுதல்.

6. டிஃபியூஷன்

பி-மதிப்பு (நீரசைவுக்கான உணர்திறன்) 0, 1000 இரண்டிலும் எடுத்து ஏ.டி.சி. (நீரசைவின் அளவு) வரைபடத்தைப் பாருங்கள். உயிரணுக்கள் நெருங்கினால் நீர் அசையாது, ஏ.டி.சி. குறையும், வெறும் வீக்கத்தில் கூடும். ஆனால் சத்திரசிகிச்சை விளிம்பில் இரத்த ஓட்டம் நின்ற திசுவும், சீழும் ஏ.டி.சி.யைக் குறைக்கும். மீண்டும் முதல் தாளின் திகதிகளுக்கே போகவேண்டும்.

7. எழுதுதல்

கனவளவு கூடி, ஏ.டி.சி. குறைந்து, அடுத்தடுத்த படங்களிலும் பெருத்தால் கட்டி வளர்கிறது என்று துணிந்து எழுதலாம். எதிர்காலமும் அவ்வளவு நல்லதல்ல. இரண்டும் மறுபக்கம் என்றால் 4 முதல் 8 கிழமையில் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். ஒன்று இப்படி, மற்றது அப்படி என்று வருவதும் உண்டு. ஒரே வெள்ளைக்குள் கட்டியும் காயமும் கலந்தே இருக்கும். வயது, கட்டியின் ஐ.டி.எச்., எம்.ஜி.எம்.டி. மரபணு நிலை, எவ்வளவு கட்டி அகற்றப்பட்டது என்பவை இல்லாமல் படத்தை மட்டும் வைத்து நோயாளிக்கு இன்னும் எத்தனை மாதம் என்று கணக்குச் சொல்லக்கூடாது.

றிப்போட்டில் இப்படி ஒரு வரி போதும்: "கதிர் முடிந்து 9ஆம் கிழமை, உயர்டோஸ் பகுதிக்குள் வெள்ளை பெருத்துள்ளது, கனவளவு விகிதம் 1.1, ஏ.டி.சி. கூடுதல், டெக்ஸாமெதசோன் 4 மி.கி.; பொய்வளர்ச்சிக்கே சாத்தியம் அதிகம், 6 கிழமையில் அதே இயந்திரத்தில் மீள்படம்." வட்டம் போட்ட படத்தையும் சேமித்துவிடுங்கள், அடுத்த முறை பார்ப்பவர் வட்டத்தை அதே இடத்தில் போடவேண்டும்.