வெடிச் சத்தத்துக்கு நடுங்கும் செல்லப் பிராணிகள்: வேலூர் வீடுகளுக்குச் சில வழிமுறைகள்

தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது கால்நடை மருத்துவரிடம் ஓடி, நாய் தூங்குவதற்கு ஏதாவது மாத்திரை தாருங்கள் என்று கேட்பது பலருக்கும் வழக்கமாகிவிட்டது. வேலூர் வட்டாரத்தில் நாயோ பூனையோ வளர்ப்பவர்களுக்கு அந்த ஒரு நாள் ஏற்பாடு போதாது. தையில் எருது விடும் விழாக்கள், மாசி அமாவாசையை ஒட்டிப் பாலாற்றங்கரையில் மயானக் கொள்ளை, வைகாசி பிறந்ததும் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவின் வாணவேடிக்கை, ஆடியில் தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றும் நாளின் ஒலிபெருக்கி என்று ஆண்டு முழுவதும் ஓசை நிறைந்த பகுதி இது. இவற்றையாவது நாள்காட்டியில் குறித்துவைக்கலாம். பறையும் சரவெடியுமாக வரும் சாவு ஊர்வலம் எந்த நாளில், எந்த மணிக்குத் தெருவுக்குள் நுழையும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே பிராணியைச் சத்தத்துக்குப் பழக்கும் வேலையைச் சத்தமே இல்லாத மாதங்களில் செய்து முடித்திருக்க வேண்டும்.

மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை உணரும். நாயின் காது 45,000 ஹெர்ட்ஸ் வரையும், பூனையின் காது 60,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் உணரும். நமக்கு எட்டாத ஒலிகள் அவற்றுக்கு எட்டுகின்றன. அந்த ஒலி எதனால் வருகிறது, எப்போது நிற்கும் என்பதோ அவற்றுக்குத் தெரியாது. நாய்க்குட்டிக்கு மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரையிலான காலம் உலகத்தோடு பழகும் பருவம். அப்போது தாயைவிட்டுச் சீக்கிரமே பிரிக்கப்பட்டோ, கூண்டிலேயே அடைபட்டோ வளர்ந்த குட்டி பிற்காலத்தில் எளிதில் மிரளும். பிறவியிலேயே பயந்த சுபாவம் கொண்ட நாய்களும் உண்டு என்பதால், வளர்த்தவர்கள் எல்லாப் பழியையும் தம்மேல் போட்டுக்கொள்ளத் தேவையில்லை.

பயத்தைத் தொடக்கத்திலேயே கண்டுகொள்வது பாதி வேலை. சத்துவாச்சாரியில் ஒரு தெருமுனையில் சரவெடி கொளுத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்குள் இருக்கும் பொமரேனியன் உடனே கத்திவிடாது. முதலில் காதைப் பின்னுக்கு மடக்கும், உதட்டை நக்கும், தூக்கமே இல்லாமல் கொட்டாவி விடும், தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டுவதால் விழியின் வெள்ளை ஓரமாகத் தெரியும். அடுத்து வாலைப் பின்னங்காலுக்கிடையில் ஒடுக்கிக்கொண்டு இங்குமங்கும் நடக்கும். அதன்பிறகுதான் நடுக்கமும், எச்சில் வடிதலும், கதவைப் பிறாண்டுவதும், கூடத்தில் சிறுநீர் கழிப்பதும் வரும். வழக்கமாகப் பாய்ந்து வாங்கும் பிஸ்கட்டை முகர்ந்துவிட்டு விலகினால் பயம் முற்றிவிட்டது என்று பொருள். அந்த நிலையில் எந்தப் பாடமும் அதன் மண்டையில் ஏறாது.

மூச்சிரைப்பை மட்டும் நம் ஊரில் எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும். வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் கத்திரி வெயில் நாள்களில் நாய் இரைப்பது பயத்தாலா, வெயிலாலா என்று குழம்புவது இயல்பு. ஓய்வாகப் படுத்திருக்கும் நாய் நிமிடத்துக்குப் 10 முதல் 30 முறை மூச்சுவிடும். சத்தம் நின்று, மின்விசிறிக்கடியில் படுத்த பிறகும் இரைப்பு அடங்காமல், ஈறு கடுஞ்சிவப்பாகி, நடை தள்ளாடினால் அது வெப்பத் தாக்கமாக இருக்கலாம். உடனே உடம்பைக் குளிர்ந்த நீரால் நனைத்து, காற்றுப்படும்படி வைத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். சத்தம் கேட்கக் கூடாது என்று மே மாதத்தில் காற்றுப்போகாத அறையில் நாயைப் பூட்டிவைப்பது சத்தத்தைவிடப் பெரிய ஆபத்து.

நேற்றுவரை அமைதியாக இருந்த பிராணி திடீரென்று மிரண்டால், மனத்தைச் சந்தேகிக்கும் முன் உடம்பைப் பரிசோதிக்க வேண்டும். காதுச் சீழ், மூட்டு வலி, உண்ணிக் காய்ச்சல், வயதான நாய்க்கு வரும் மறதி நோய் ஆகிய எல்லாமே பதற்றம்போலத் தோற்றம் தரும். தடுப்பூசி போடாத நாயின் குணம் சட்டென்று மாறி, யாரையேனும் கடித்துவிட்டால், வெறிநோய்ச் சந்தேகத்தை ஒதுக்கவே கூடாது; கடிபட்டவர் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஊசிக்குச் செல்ல வேண்டும்.

சத்தம் எதிர்பார்க்கப்படும் நாளில்

உச்ச நீதிமன்றத்தின் 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பையொட்டித் தமிழக அரசு தீபாவளியன்று பட்டாசு வெடிக்கக் காலை 6 முதல் 7 மணி வரையும், மாலை 7 முதல் 8 மணி வரையும் நேரம் குறித்தது. தெருக்கள் அந்தக் கணக்கை எவ்வளவு மதிக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் வெடி உச்சத்தில் இருக்கும் நேரத்தைக் கணிக்க அது உதவும். விடிவதற்கு முன்பே நாயை வெளியே அழைத்துச்சென்று திரும்பிவிட வேண்டும். மாலை உணவையும் ஐந்து மணிக்குள் கொடுத்துவிடலாம். தெருவை ஒட்டாத உள்ளறை ஒன்றில், கட்டிலுக்கடியிலோ பீரோவுக்கும் சுவருக்கும் இடையிலோ, அது தானே விரும்பிப் போய் ஒளியும் இடத்தில் பழைய போர்வையை விரித்து, தண்ணீர் வைத்து, சன்னலை மூடி, மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் ஓடவிட வேண்டும். அறைக்கதவைப் பூட்டாமல் சாத்தி வைத்தால் போதும். ஒளிந்த பிராணியை இழுத்து வெளியே கொண்டுவந்து, பழகட்டும் என்று வெடியைக் காட்டுவது கொடுமை, பழக்கமும் வராது.

பயந்த நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் வளரும் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அது சரியல்ல. பயம் ஓர் உணர்ச்சி. அன்பு காட்டுவதால் அது கூடிவிடாது. அருகில் வந்து ஒட்டிக்கொண்டால் தாராளமாக அணைத்துக்கொள்ளலாம், விலகிப் போனால் விட்டுவிடலாம். அடிப்பதும் அதட்டுவதும் பயத்தை இரட்டிப்பாக்கும். மொட்டைமாடியில் சங்கிலியால் கட்டிவைத்துவிட்டுக் கோயிலுக்குப் போவதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாது. மிரண்ட நாய் கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் குதித்தால் கழுத்துச் சங்கிலியே தூக்குக் கயிறாகிவிடும்.

சத்தமில்லாத மாதங்களில்

பட்டாசு, இடி, பறை ஆகியவற்றின் ஒலிப்பதிவுகள் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. நாய் பசியோடும் நிதானமாகவும் இருக்கும் வேளையில், காதை நிமிர்த்துவதற்கு மேல் எதுவும் செய்யாத அளவுக்கு மெல்லிய ஒலியில் அதைப் போட வேண்டும். ஒலி தொடங்கியதும் உப்பும் வெங்காயமும் சேர்க்காமல் வேகவைத்த கோழிக்கறித் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கொடுக்க வேண்டும். ஒலி நின்றதும் கறியும் நின்றுவிட வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது. முதலில் கறியைக் காட்டிவிட்டு ஒலியைப் போட்டால், கறியைக் கண்டாலே சந்தேகப்படும் நாயாக அது மாறிவிடும். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒரு தடவை நீட்ட வேண்டாம். சில நாள் சென்று, ஒலி கேட்டதும் அது கறியை எதிர்பார்த்து நம் முகத்தைப் பார்க்கத் தொடங்கினால் ஒலியை ஒரு படி கூட்டலாம்; உதட்டை நக்கினாலோ விலகினாலோ இரண்டு படி குறைக்க வேண்டும். பெரும்பாலோர் இந்த முறையில் தோற்பது அவசரத்தால்தான். தீபாவளிக்குப் பழக்க நினைப்பவர்கள் ஆனி, ஆடியிலேயே தொடங்கிவிடுவது நல்லது. எதிர்பாராமல் தெருவில் நிஜ வெடி வெடித்துவிட்டால் அக்கணமே கையில் இருக்கும் தின்பண்டத்தைக் கொடுப்பதும் இதே பாடத்தின் ஒரு பகுதிதான்.

தனிமைப் பதற்றத்துக்கும் இதே படிப்படியான முறை பொருந்தும். மருத்துவமனைகளில் முறைவேலை பார்ப்போர், அதிகாலையில் காட்பாடியில் ரயில் ஏறிச் சென்னை சென்று இரவு திரும்புவோர் நிறைந்த ஊர் என்பதால் இங்கே அது அரிதல்ல. ஆள் கிளம்பிய முதல் அரைமணி நேரத்தில் நாய் என்ன செய்கிறது என்று கைப்பேசியில் பதிவுசெய்து பார்த்தால், குறும்பா பதற்றமா என்பது விளங்கிவிடும். பதற்றம் என்றால், சாவியை எடுப்பது, செருப்பை மாட்டுவது ஆகியவற்றைக் கிளம்பாமலே பலமுறை செய்து அவற்றின் அச்சத்தைப் போக்கி, பிறகு அரை நிமிடம், இரண்டு நிமிடம் என்று வெளியே இருக்கும் நேரத்தை நீட்ட வேண்டும்.

பூனை சத்தமில்லாமல் பயப்படும். சாப்பாட்டைக் குறைக்கும், ஒரே இடத்தை நக்கி நக்கி மயிரை உதிர்க்கும், மணல் தட்டுக்கு வெளியே சிறுநீர் கழிக்கும். உயரமான அலமாரித் தட்டும், மறைவான அட்டைப்பெட்டியும் அதற்குப் பெரிய ஆறுதல். ஆண் பூனை மணலில் அடிக்கடி உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வராவிட்டால் அது மன வேதனை என்று காத்திராமல் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். அடைப்பு ஓரிரு நாளில் உயிரைப் பறிக்கும். ஒரு நாளைக்கு மேல் எதுவுமே உண்ணாத பூனைக்கும் மருத்துவ உதவி தேவை.

மருந்து விஷயத்தில் தயக்கமும் வேண்டாம், துணிச்சலும் வேண்டாம். கடுமையாகப் பயப்படும் பிராணிக்கு டிராசோடோன், காபாபென்டின், ஃபுளுவாக்ஸெட்டின் போன்றவற்றை மருத்துவர் எழுதித் தரக்கூடும். ஃபுளுவாக்ஸெட்டின் வேலைசெய்யச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதால் பண்டிகைக்கு முதல்நாள் கேட்பதில் பயனில்லை. உடனே வேலைசெய்யும் மருந்தையும் ஓர் அமைதியான நாளில் ஒருமுறை கொடுத்துச் சோதித்துக்கொள்ள வேண்டும். அசிப்ரோமசின் என்ற மந்தப்படுத்தும் மருந்தை மட்டும் கொடுத்தால் உடம்பு அசையாமல் கிடக்கும், பயம் உள்ளேயே இருக்கும். எனவே அதைத் தனியாகத் தருவது ஏன் என்று கேட்கத் தயங்க வேண்டாம். வீட்டிலுள்ள மனிதர்களின் தூக்க மாத்திரையை உடைத்துக் கொடுப்பது ஆபத்து. பாரசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும்.

எவ்வளவு கவனித்தாலும் கதவு ஒருகணம் திறந்திருந்தால் மிரண்ட நாய் ஓடிவிடும். ஆகையால் கழுத்துப்பட்டையில் கைப்பேசி எண் பொறித்த தகட்டைப் பண்டிகைக்கு முன்பே மாட்டிவிட வேண்டும். ஓடிய நாயைக் கூவிக்கொண்டு துரத்தினால் இன்னும் தொலைவுக்குப் போகும். பழகிய ஒருவர் மட்டும் மெதுவாகச் சென்று, பக்கவாட்டில் திரும்பிக் குந்தி, தின்பண்டத்தைத் தரையில் போட்டுக் காத்திருக்க வேண்டும். கண்ணில் படாமலே போய்விட்டால், வெடி ஓய்ந்த பின்னிரவிலும் விடியற்காலையிலும் நிறுத்தியிருக்கும் வண்டிகளுக்கு அடியிலும் கழிவுநீர்க் கால்வாய்களின் ஓரத்திலும் டார்ச் அடித்துத் தேடுவதோடு, வீட்டுக் கதவைத் திறந்துவைத்து, அதன் போர்வையை வாசலில் போட்டுவைக்க வேண்டும்.