மசாஜ் நாற்காலி: உட்கார்ந்து பார்த்து வாங்குங்கள்

யாருக்காக வாங்குகிறீர்களோ அவரையே கடைக்குக் கூட்டிப் போங்கள். அம்மாவுக்காகப் பார்க்கப் போனபோது ஒரு நாற்காலி எனக்கு அவ்வளவு சுகமாக இருந்தது. உயரம் குறைந்த அம்மாவுக்கோ, தோளில் பட வேண்டிய உருளை பிடரியில் போய் இடித்தது. முகம் சுளித்து எழுந்துவிட்டார். குறைந்தது 15 நிமிடமாவது உட்கார வையுங்கள்.

அப்புறம், என்ன டிராக் (உள்ளே உருளை ஓடும் தடம்) என்று கேளுங்கள். எஸ் டிராக்கில் உருளை கழுத்தில் தொடங்கி இடுப்போடு நின்றுவிடும். எல் டிராக்கில் பிட்டம், தொடை வரை இறங்கும். நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை செய்பவர்களுக்கு இதுதான் சரி. 2டி உருளை மேலும் கீழும், பக்கவாட்டிலும் மட்டும் நகரும். 3டியில் எவ்வளவு ஆழமாக அழுத்த வேண்டும் என்பதையும் கூட்டிக் குறைக்கலாம். வயதானவர்களுக்கு அந்தக் குறைக்கும் வசதி கட்டாயம் வேண்டும்.

வாசல் அகலத்தை அளந்துகொண்டு போங்கள். பெரிய நாற்காலிகள் 100 கிலோவைத் தாண்டும், மாடிக்கு ஏற்றுவது பெரும்பாடு. பழுதானால் வீட்டுக்கே வந்து சரிசெய்வார்களா என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்கள், எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரிடம் கேட்காமல் இதில் உட்காரவே வேண்டாம்.