சக்கரம் இறங்கவில்லையா? சின்ன விமானம் ஓட்டப் பழகுபவர்களுக்கு ஒரு செய்முறை

வியாசர்பாடியில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஒரு கம்ப்யூட்டரும் ஜாய்ஸ்டிக்கும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஃப்ளைட் சிமுலேட்டர் சொல்லித் தருகிறேன். ஏறவும் திரும்பவும் இறங்கவும் பழகிய கையோடு எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, வீல் வரலன்னா என்ன பண்றது?" அதற்கான பதில்தான் இது. நிஜ விமானத்தில் பயிற்சி எடுப்பவர்கள் புரிந்துகொள்வதற்காக மட்டும் படியுங்கள். அங்கே உங்கள் பயிற்றுநரும் அந்த விமானத்தின் கையேடும் சொல்வதுதான் முடிவு.

சாதாரண செஸ்னா 172-இல் இதைப் பழக முடியாது, அதன் சக்கரங்கள் மடங்காதவை. பைப்பர் ஏரோ, செஸ்னா 172 ஆர்ஜி, பீச்கிராஃப்ட் போனான்ஸா போல சக்கரம் மடங்கும் விமானம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

படி 1: ஏறுங்கள், நேராகப் பறங்கள்

சக்கரத்தை இறக்கும் கியர் லீவரைக் கீழே தள்ளிவிட்டீர்கள். மூன்று பச்சை விளக்கு எரிய வேண்டிய இடத்தில் இரண்டுதான் எரிகிறது. ரன்வே எதிரில் வந்துகொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் விளக்கோடு மல்லுக்கட்டாதீர்கள். த்ராட்டிலைத் தள்ளி எஞ்சினுக்கு முழு வேகம் கொடுத்து மேலே ஏறுங்கள். விமான நிலையக் கட்டுப்பாட்டு டவரிடம் விஷயத்தைச் சொல்லி, ஒதுங்கிப் பறக்க இடம் கேளுங்கள். நாங்கள் சிமுலேட்டரில் மீனம்பாக்கத்திலிருந்து கரையோரமாக வடக்கே வந்து, காசிமேட்டைத் தாண்டி, எண்ணூருக்கு எதிரே கடல்மேல் 3,000 அடியில் வட்டமடிப்போம். அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் அடையாளத்துக்கு நன்றாக உதவும்.

எஞ்சின் நன்றாக ஓடுகிறது, டேங்கில் எரிபொருள் இருக்கிறது. அப்படியானால் உங்களுக்கு நேரமும் இருக்கிறது. சக்கரக் கோளாறில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் சக்கரம் அல்ல, கவனம் சிதறுவதுதான். 1972 டிசம்பர் 29 இரவு அமெரிக்காவின் மயாமி அருகே ஒரு பெரிய ஜெட் விமானத்தில் மூக்குச் சக்கரத்தின் விளக்கு எரியவில்லை. காக்பிட்டில் இருந்த அத்தனை பேரும் அந்த விளக்கிலேயே மூழ்கிவிட்டார்கள். ஆட்டோ பைலட் உயரத்தைப் பிடித்து வைப்பதை விட்டுவிட்டதை யாரும் கவனிக்கவில்லை. விமானம் மெல்ல மெல்லச் சரிந்து சதுப்பு நிலத்தில் மோதியது, 101 பேர் இறந்தார்கள். ஃபியூஸ் போயிருந்தது அந்த விளக்கின் சின்ன பல்புகள் மட்டும்தான்.

இந்தக் கதையை ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் நாளே சொல்லிவிடுவேன். அப்புறம் ஒரு விதி: 10 விநாடிக்கு ஒருமுறை உயரம், வேகம், இறக்கையின் சாய்வு மூன்றையும் பார்க்க வேண்டும். பக்கத்தில் ஆள் இருந்தால் ஒருவர் ஓட்டட்டும், மற்றவர் கோளாறைப் பார்க்கட்டும்.

படி 2: கோளாறு சக்கரத்திலா, விளக்கிலா?

சக்கரம் இறங்கிப் பூட்டிக்கொண்டதும் ஒரு சின்ன சுவிட்ச் அழுந்தி, அதற்கான பச்சை விளக்கு எரியும். நடுவில் எங்கே கோளாறு வந்தாலும் விளக்கு வராது. பழைய பைப்பர் ஏரோக்களில் நேவிகேஷன் லைட்டை (இறக்கை நுனியிலும் வாலிலும் எரியும் விளக்குகளை) போட்டால் பச்சை விளக்குகள் தானாக மங்கிவிடும். பகல் வெயிலில் அவை எரிவதே கண்ணுக்குத் தெரியாது. அதனால் முதலில் நேவிகேஷன் லைட்டின் சுவிட்சைப் பாருங்கள். அப்புறம், எரியும் பல்பைக் கழற்றி எரியாத இடத்தில் மாட்டுங்கள். அங்கே எரிந்தால் பழுது பல்பில்தான்.

ஒரு விளக்கும் வரவில்லை, எச்சரிக்கை விளக்கும் இல்லை என்றால் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதா, சர்க்யூட் பிரேக்கர் வெளியே குதித்திருக்கிறதா என்று பாருங்கள். பிரேக்கரை ஒரே ஒரு முறை உள்ளே அழுத்தலாம். மறுபடி குதித்தால் விட்டுவிடுங்கள். அழுத்திப் பிடித்தால் ஒயர் தீப்பிடிக்கலாம்.

படி 3: கையால் இறக்குவது

வேகத்தைக் குறைத்துவிட்டு, செக்லிஸ்டை வாய்விட்டுப் படித்துக்கொண்டே செய்யுங்கள். விமானத்துக்கு விமானம் முறை மாறும்.

பைப்பர் ஏரோவில் சக்கரங்களை மேலே பிடித்து வைத்திருப்பது ஹைட்ராலிக் அழுத்தம் மட்டும்தான். இருக்கைகளுக்கு நடுவிலுள்ள அவசர லீவரை அழுத்தினால் அந்த அழுத்தம் போய், சக்கரங்கள் தம் எடையிலேயே விழும். பூட்டாமல் தொங்கினால் ரடர் மிதிகளை (வாலைத் திருப்பும் கால்மிதிகளை) மாற்றி மாற்றி மிதித்து வாலை ஆட்டினால் பூட்டிக்கொள்ளும்.

செஸ்னா 172 ஆர்ஜியில் இருப்பது கைப்பம்பு. நம் பக்கத்து வீடுகளில் மெட்ரோ தண்ணீருக்கு அடிபம்பு அடித்து வளர்ந்தவர்களுக்கு அதைச் சொல்லித் தரவே வேண்டாம். கியர் லீவரைக் கீழே வைத்துவிட்டு, பிடியை இழுத்து நீட்டி, நிதானமாக அடியுங்கள். கை கனக்கும்வரை அடிக்க வேண்டும். அந்தக் கனம்தான் சக்கரம் முழுவதும் இறங்கியதற்கு அடையாளம். பாதியில் நிறுத்திவிடாதீர்கள். பக்கச் சன்னல் வழியாகப் பின் சக்கரங்களை எட்டிப் பார்க்கவும் செய்யலாம்.

போனான்ஸாவில் கியர் மோட்டாரின் பிரேக்கரை இழுத்துவிட்டு, கைப்பிடியை இடஞ்சுழியாகச் சுமார் 50 சுற்று சுற்ற வேண்டும். குனிந்து சுற்றும்போது விமானம் சாய்ந்துவிடும், நிறுத்தி நிறுத்திச் சுற்றுங்கள்.

எந்த வழியில் என்றாலும் சரி, எரிய வேண்டிய பச்சை விளக்கு எல்லாம் வந்துவிட்டால் (172 ஆர்ஜியில் ஒன்றே ஒன்றுதான்) அதற்குமேல் லீவரைத் தொடாதீர்கள். சரியாகிவிட்டதா என்று மேலே ஏற்றிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள்.

படி 4: டவரிடம் கேட்பது

டவர் பக்கமாகத் தாழப் பறந்து, சக்கரம் தெரிகிறதா என்று பார்த்துச் சொல்லச் சொல்லலாம். அவர்களால் இறங்கியிருப்பதைத்தான் சொல்ல முடியும், பூட்டியிருக்கிறதா என்பது கீழிருந்து தெரியாது. அவசர நிலையை அறிவிக்கத் தயங்க வேண்டாம். தீயணைப்பு வண்டி வந்து சும்மா திரும்பினால் யாருக்கும் நட்டமில்லை.

எரிபொருளைக் குறைத்துக்கொண்டு இறங்குவது நல்லதுதான். 2024 அக்டோபரில் திருச்சியிலிருந்து சார்ஜாவுக்குக் கிளம்பிய விமானம் ஹைட்ராலிக் கோளாறால் 2 மணி நேரத்துக்கு மேல் வட்டமடித்துப் பத்திரமாக இறங்கியதைப் பலரும் டிவியில் பார்த்திருப்பீர்கள். ஆனால் கணக்கு வைத்துச் செய்ய வேண்டும். 1978-இல் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் ஒரு விமானம் சக்கரப் பிரச்சினையைப் பார்த்துக்கொண்டே சுற்றி, எரிபொருள் தீர்ந்து விழுந்தது. இத்தனை மணிக்கு இறங்கியே தீருவேன் என்று ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 5: வராமலேயே போனால்

வயிற்றால் இறங்கலாம். சின்ன விமானங்களில் இதில் பெரும்பாலும் எல்லோரும் நடந்தே வெளியே வருகிறார்கள். நீளமான தார் ரன்வேயைத் தேர்ந்தெடுங்கள், வழுக்கிக்கொண்டு போய் நிற்கும். பெல்ட்டை இறுக்குங்கள். தரை தொடும் முன் கதவின் தாழை எடுத்துவிடுங்கள், விமானத்தின் உடல் நசுங்கிக் கதவு சிக்கிக்கொள்ளலாம். ரன்வேயை எட்டிவிடுவோம் என்று உறுதியானதும் மிக்ஸ்சர் (எரிபொருள்-காற்றுக் கலவைப் பிடி), எரிபொருள் வால்வு, மின்சார மாஸ்டர் சுவிட்ச் மூன்றையும் அணைக்க வேண்டும். ப்ரொப்பெல்லரைக் காப்பாற்ற முன்கூட்டியே எஞ்சினை நிறுத்தாதீர்கள். ப்ரொப்பெல்லரை மாற்றிக்கொள்ளலாம்.

மூக்குச் சக்கரம் மட்டும் வரவில்லை என்றால் பின் சக்கரங்களில் இறங்கி, முடிந்தவரை மூக்கைத் தூக்கிப் பிடியுங்கள், பிரேக்கைத் தொடாதீர்கள். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் வரவில்லை என்றால், மற்றதை மடக்கிவிட்டு வயிற்றால் இறங்குவதா, அப்படியே இறங்குவதா என்பதற்குக் கையேட்டைப் பாருங்கள்.

நின்றதும் எல்லோரையும் இறக்கி, எரிபொருள் டேங்க் இருக்கும் இறக்கைகளை விட்டுத் தள்ளி நில்லுங்கள்.

சிமுலேட்டரில் பழக, எக்ஸ்-பிளேன் என்ற மென்பொருளில் கோளாறு மெனு இருக்கிறது. கோளாறை நீங்களே வைத்துக்கொள்ள வேண்டாம். நண்பரை விட்டு, எந்தக் கோளாறு, எப்போது என்று சொல்லாமல் வைக்கச் சொல்லுங்கள். அவர் பின்னால் நின்றுகொண்டு, நீங்கள் உயரத்தைப் பார்க்க மறந்த விநாடிகளை எண்ணட்டும்.